ஜப்பான் வண்டியின் கீர்த்தி

"ஜப்பான் வண்டியா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்ற பேச்சு, கொழும்பிலிருந்து கோலாலம்பூர் வரையில், நைரோபியிலிருந்து சிட்னி வரையில், மோட்டார் வண்டியைப் பற்றி நாலு பேர் கூடிப் பேசுகிற இடத்திலெல்லாம் வெவ்வேறு பாஷைகளில் கேட்கிறது. மதுரையிலோ திருநெல்வேலியிலோ வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைக்கும் ஒருவரிடம் அவருடைய டொயோட்டா இன்னோவாவைப் பற்றி விசாரித்தால், அதன் அழகையோ வேகத்தையோ அவர் முதலில் எடுத்துச் சொல்ல மாட்டார்; லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியும் இஞ்சினைப் பிரிக்க வேண்டி வரவில்லை என்பதைத்தான், தம் வீட்டுப் பிள்ளையின் நற்குணத்தைச் சொல்லும் தகப்பனாருடைய பெருமிதத்தோடு சொல்லுவார். இத்தனை தேசத்தாரும் ஒரே குரலாகச் சொல்லும் ஒரு கீர்த்தி வெறும் விளம்பரத்தினால் உண்டாகியிருக்க முடியாது. ஆயினும் கீர்த்தி என்பது ஒரு முறை வேரூன்றிவிட்டால், பிறகு பரீட்சைக்கு உட்படாமலே நெடுங்காலம் நிலைத்து நிற்கக்கூடியதாதலால், அதை அவ்வப்போது உரைத்துப் பார்ப்பது பணம் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அவசியமாகிறது.

பழுதே அடையாத வண்டி உலகத்தில் எங்கும் இல்லை. பிரேக் கட்டை தேயும், டயர் வழுவழுத்துப் போகும், பெல்ட் அறும், பாட்டரி இறங்கும். இவையெல்லாம் யந்திரத்தின் சுபாவம். எந்தப் பாகம் எந்தக் காலத்தில் தேயும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்து, அதை உரிய காலத்தில் மாற்றிவிட்டால், அர்த்தராத்திரியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாலும் நடுவழியில் காலை வாராது என்ற நிச்சயத்தோடு சாவியைத் திருப்ப முடிவதையே நம்பகம் என்று இங்கே சொல்கிறோம். அந்த நிச்சயத்தை ஜப்பானியர் எப்படிச் சம்பாதித்தார்கள், சம்பாதித்ததை இன்றும் காப்பாற்றி வருகிறார்களா என்ற இரண்டும் தனித்தனியாக ஆராய வேண்டிய விஷயங்கள்.

சம்பாதித்தார்கள் என்று சொல்லுவதற்குக் காரணம், அது அவர்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த வரப்பிரசாதம் அல்ல என்பதுதான். டொயோட்டா கம்பெனி 1957-ஆம் ஆண்டில் முதன் முதலாக அமெரிக்காவில் கடை திறந்து, டொயோபெட் கிரவுன் என்ற காரை விற்பனைக்கு வைத்தது. ஜப்பானின் கரடுமுரடான சாலைகளில் மெதுவாகச் செல்லுவதற்கென்று கனமாகக் கட்டப்பட்ட அந்தக் கார், கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைகளில் மற்ற வண்டிகளோடு ஈடுகொடுத்து ஓட வேண்டி வந்தபோது, இஞ்சின் சூடேறியும் உடல் நடுநடுங்கியும் மூச்சு வாங்கியது. 1958-ஆம் ஆண்டு முழுவதும் அந்தக் கம்பெனி அமெரிக்காவில் விற்ற வண்டிகள் 288; அவற்றில் ஒன்று லாண்ட் குரூஸர், மற்றவையெல்லாம் கிரவுன். சில ஆண்டுகளுக்குள் கிரவுனின் விற்பனையையே நிறுத்திவிட்டுப் பின்வாங்க நேர்ந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானில் செய்தது என்றால் மலிவுச் சரக்கு என்பதுதான் மேல்நாட்டாரின் பொதுவான அபிப்பிராயம். கிரவுன் அந்த அபிப்பிராயத்தை உறுதிப்படுத்திவிட்டுத் திரும்பியது. ஆனால் திரும்பிப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. தோல்விக்கான காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தி, 1965-ஆம் ஆண்டில் கொரோனா என்ற காரோடு மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை வண்டி நெடுஞ்சாலையின் வேகத்தைத் தாங்கியது.

இப்படிக் குறையைத் தேடிப் போகும் வழக்கத்தின் மூலத்தைக் காண வேண்டுமானால், மோட்டார் வண்டியை விட்டுவிட்டு நெசவுத் தறிக்குப் போக வேண்டும். டொயோட்டா குடும்பத்தின் மூத்தவரான ஸகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். கையால் தறி நெய்வோர் படும் சிரமத்தைக் கண்ணால் கண்டு வளர்ந்த அவர், தம் வாழ்நாள் முழுவதையும் தறியைச் சீர்திருத்துவதிலேயே செலவிட்டு, 1924-ஆம் ஆண்டில் ஓர் அபூர்வமான தானியங்கித் தறியை முடித்தார். ஓட்டத்தை நிறுத்தாமலே அதில் நாடா மாறும். ஆனால் பாவு நூலில் ஓர் இழை அறுந்தாலும், ஊடை நூல் தீர்ந்தாலும், தறி அந்தக் கணமே தானாக நின்றுவிடும். அறுந்த இழையோடு நெய்துகொண்டே போனால் முழம் முழமாகக் குற்றமுள்ள துணி சேரும். நின்றுவிட்டாலோ, நெசவாளி வந்து இழையை முடிந்துவிட்டு ஓட்டலாம். தறிக்குத் தறி ஒருவர் காவல் நிற்க வேண்டியதில்லை. ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் தறி செய்வதில் பேர்பெற்றிருந்த பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே 1929-ஆம் ஆண்டில் இதன் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. ஸகிச்சியின் குமாரர் கீச்சிரோ, தறித் தொழிலிலிருந்து மோட்டார்த் தொழிலுக்குத் திரும்பி, 1937-ஆம் ஆண்டில் டொயோட்டா மோட்டார் கம்பெனியை ஸ்தாபித்தார். குற்றம் தோன்றிய இடத்திலேயே வேலையை நிறுத்து என்ற தறியின் தர்மம் அவர்களோடு கூடவே வந்தது.

அது மோட்டார்த் தொழிற்சாலையில் முழு உருவம் பெற்றது யுத்தத்துக்குப் பிறகு. 1950-ஆம் ஆண்டில் டொயோட்டா திவாலாகும் நிலைக்கு வந்து, தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வெளியேறி, கீச்சிரோவும் தலைமைப் பதவியைத் துறந்தார். அதே ஆண்டில் மூண்ட கொரியா யுத்தத்துக்காக அமெரிக்க ராணுவம் வாங்கிய லாரிகள்தாம் கம்பெனியின் பிராணனைக் காப்பாற்றின. கையில் பணமில்லாதவர்கள் குற்றமுள்ள பாகங்களைச் செய்து கிடங்கில் குவித்து வைக்க முடியாது. டாயிச்சி ஓனோ என்ற யந்திர நிபுணர், தேவையான பாகம் தேவையான நேரத்தில் தேவையான அளவே வர வேண்டும் என்ற முறையை, மேலதிகாரிகளும் தொழிலாளர்களும் முணுமுணுத்தபோதிலும் விடாப்பிடியாக நின்று, சிறுகச் சிறுக நிலைநாட்டினார். அதே 1950-ஆம் ஆண்டில் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளிவிவர அறிஞர் ஜப்பானிய விஞ்ஞானிகள் சங்கத்தின் அழைப்பின்பேரில் வந்து, உற்பத்தியின் தரத்தைக் கணக்கு முறையால் காப்பது எப்படி என்று தொடர் பிரசங்கங்கள் செய்தார். சொந்த நாட்டில் அதிகம் கவனிக்கப்படாதிருந்த அவருடைய பெயரால், மறு ஆண்டிலேயே ஜப்பானியர் ஒரு பரிசை ஏற்படுத்தினார்கள். 1960-இல் நிஸானும் 1965-இல் டொயோட்டாவும் அந்தப் பரிசைப் பெற்றன.

ஓனோ தம் சீடர்களுக்குச் சொல்லி வந்த ஓர் உதாரணம், இந்த முறையின் உட்பொருளை எந்தப் பெரிய நூலைக் காட்டிலும் தெளிவாக விளக்குகிறது. ஒரு யந்திரம் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டால், பளு மிகுந்து ஃபியூஸ் போய்விட்டது என்கிறார்கள். சாதாரணமாக எல்லோரும் புது ஃபியூஸ் போட்டுவிட்டு அத்தோடு விட்டுவிடுவார்கள். பளு ஏன் மிகுந்தது என்று கேட்டால், பேரிங்கிற்குப் போதுமான எண்ணெய் இல்லை. எண்ணெய் ஏன் போதவில்லை? பம்பு சரியாக இறைக்கவில்லை. பம்பு ஏன் இறைக்கவில்லை? அதன் தண்டு தேய்ந்து ஆடுகிறது. தண்டு ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே புகுந்துவிட்டது. ஆகவே மாற்ற வேண்டியது ஃபியூஸும் அன்று, பம்பும் அன்று; பொருத்த வேண்டியது ஒரு சிறு வடிகட்டி. ஃபியூஸோடு நின்றவன் மாதந்தோறும் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருப்பான். இந்த இரும்புத் துகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரப்போகிறது.

ஜப்பானியர் இயல்பிலேயே ஒழுங்கானவர்கள், பொறுமைசாலிகள், அதனால் அவர்கள் செய்யும் வண்டியும் அப்படியே அமைகிறது என்று சிலர் சொல்லுவதுண்டு. இது எவ்வளவு தவறான கருத்து என்பதை ஒரே ஒரு தொழிற்சாலையின் சரித்திரம் பிரத்தியட்சமாகக் காட்டியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே இருந்த பகைமை அந்நாட்டிலேயே பிரசித்தம். திங்கட்கிழமைகளில் ஆள் போதாமல் வேலையைத் தொடங்க முடியாமல் போகும். வேலை நேரத்திலேயே மது அருந்துவார்கள். நிர்வாகத்தின்மீது இருந்த கோபத்தில் காரின் கதவுக்குள்ளே காலிப் பாட்டிலை வைத்து மூடி, வாங்குகிறவன் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் தவிக்கும்படி செய்தவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஒரு சட்டம் இருந்தது: என்ன நேர்ந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. தவறான பாகம் பொருத்தப்பட்டிருக்கிறது என்று கண்ணால் கண்டாலும், வண்டி நகர்ந்துகொண்டே போகும். குற்றத்தோடு வெளியே வந்த வண்டிகள் மைதானத்தில் வரிசை வரிசையாக நின்று, பிறகு யாராவது வந்து பிரித்துச் சரிசெய்வதற்காகக் காத்துக்கிடக்கும். 1982-ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகச் சேர்ந்து அதே கட்டடத்தைத் திறந்தன. நிர்வாகம் டொயோட்டாவினுடையது, வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர், மூடப்பட்ட தொழிற்சாலையிலிருந்து வெளியேற்றப்பட்ட அதே தொழிலாளர்கள், சங்கமும் அதே சங்கம். அவர்களில் சில நூறு பேரை ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டாவின் டகவோகா தொழிற்சாலையில் கூட நின்று வேலை பழகச் செய்தார்கள். திரும்பி வந்தவர்களின் தலைக்கு மேலே, உற்பத்தி வரிசையின் நெடுகிலும், ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. ஒரு திருகு சரியாக ஏறவில்லை, ஓர் ஒயர் எட்டவில்லை என்று தோன்றினால், யாரையும் உத்தரவு கேட்காமல் அந்தத் தொழிலாளி கயிற்றைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும், ஒரு சிறு இசை ஒலிக்கும், குழுத்தலைவர் ஓடி வருவார்; அவர் முதலில் கேட்பது "என்ன உதவி வேண்டும்" என்பதுதான். வண்டி அந்த இடத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் குறை நீங்கிவிட்டால் வரிசை நகரும்; நீங்காவிட்டால் முழு வரிசையும் நிற்கும். இருபது வருஷ காலம் எதை நிறுத்தினால் வேலை போய்விடும் என்று பயந்திருந்தார்களோ, அதை நிறுத்துகிற அதிகாரம் அவர்களுடைய கைக்கே வந்துவிட்டது.

பலன் என்ன என்பதை மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் நேரில் சென்று அளந்து, 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்கள். பழைய முறையில் நடந்துவந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் தொழிற்சாலையில், நூறு கார்களுக்குச் சுமார் 130 பொருத்தக் குறைகள் காணப்பட்டன. ஜப்பானின் டகவோகாவில் 45. ஃப்ரீமான்டிலும் அதே 45. காலிப் பாட்டிலைக் கதவுக்குள் வைத்த கைகளே, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் ஜப்பானியக் கைகளுக்கு நிகரான வண்டியைச் செய்து காட்டின. இதைக் காட்டிலும் உள்ளத்தை நெகிழச் செய்யும் ஒரு சம்பவம் தொழிற் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்து அதிகம் இல்லை. மனிதர்கள் மாறாமலே வேலை மாற முடியும் என்பதும், ஒழுங்கீனம் என்று நாம் சொல்லுவதில் பெரும்பகுதி நிர்வாகத்தின் ஒழுங்கீனமே என்பதும், அங்கே ஐயம் திரிபற விளங்கின. இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு, வான் நைஸ் என்ற ஊரிலிருந்த தன் தொழிற்சாலையிலும் ஜெனரல் மோட்டார்ஸ் கயிற்றைக் கட்டியது. மேலாளர்களின் மனம் மாறாததால், இழுத்தவர்களுக்கு உதவி வரவில்லை, ஏச்சு வந்தது. கயிறு வெறும் கயிறாகத் தொங்கியது. 1992-ஆம் ஆண்டில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

ஃப்ரீமான்ட் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. ஒரே கூரையின் கீழ், ஒரே தொழிலாளர்கள், ஒரே வரைபடத்தின்படி, அநேகமாக ஒரே காரைச் செய்து, ஒன்றுக்கு டொயோட்டா கொரோலா என்ற பெயரும் மற்றொன்றுக்கு ஜியோ பிரிஸம் என்ற அமெரிக்கப் பெயரும் சூட்டி விற்றார்கள். மக்கள் அதிக விலை கொடுத்துக் கொரோலாவையே விரும்பி வாங்கினார்கள். பழைய வண்டியாக விற்கும்போதும் கொரோலாவுக்கே கூடுதல் விலை கிடைத்தது. இஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒன்றாயிருக்க, வேறுபட்டிருந்தது முகப்பில் ஒட்டிய பெயர்தான். ஆகவே ஜப்பான் வண்டிக்கு நாம் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி வண்டிக்கு, ஒரு பகுதி பெயருக்கு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இந்தப் பெயரே பிறகு உண்மையான நன்மையாகவும் மாறுகிறது: நன்றாக விலைபோகும் வண்டியை அதன் சொந்தக்காரர் சிரத்தையாகப் பராமரிக்கிறார், அதற்கு உதிரிப் பாகம் மூலைக்கு மூலை கிடைக்கிறது, அதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய மெக்கானிக் சிறு ஊரிலும் இருக்கிறார், அதனால் அது மேலும் பல காலம் உழைக்கிறது.

உற்பத்தி முறை பாதிக் காரணம் என்றால், மறுபாதி வண்டியை வகுக்கும்போதே காட்டும் நிதானம். 2000-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா குவாலிஸை நினைத்துப் பார்க்கலாம். பார்வைக்குப் பெட்டி போலிருந்த அந்த வண்டியின் டீசல் இஞ்சின், 2.4 லிட்டர் கொள்ளளவுக்கு 75 குதிரை சக்தி மட்டுமே தந்தது; அதுவும் பல ஆண்டுகளாகப் பல தேசங்களில் ஓடித் தேறிய பழைய இஞ்சின். பெரிய இஞ்சினிடம் சிறிய வேலையை வாங்கினால், அதன் பேரிங்கும் பிஸ்டனும் எந்த நாளும் தங்கள் சக்தியின் எல்லையைத் தொடுவதில்லை. பத்திரிகைகளில் அதைப் புராதன வண்டி என்று எழுதினார்கள். வாடகைக்கார் ஓட்டியவர்களோ அதைக் கொண்டாடினார்கள். டொயோட்டாவின் ஹைப்ரிட் கார்களிலும் இதே புத்தி தெரிகிறது: மின்சார மோட்டாரும் பெட்ரோல் இஞ்சினும் சேர்ந்து ஓட்டும் அந்த நூதன யந்திரத்துக்குள்ளே, சக்தியைப் பகிர்வது ஒன்றையொன்று கவ்விச் சுழலும் ஒரு பல்சக்கரத் தொகுதி; அறுந்துபோகப் பெல்ட்டும் இல்லை, தேய்ந்துபோகக் கிளட்ச் தட்டும் இல்லை. அதே ஜப்பானில் நிஸான் கம்பெனி, இரண்டு கப்பிகளுக்கு இடையே உருக்குப் பட்டை ஓடும் கியர் முறையை மிகுதியாக நம்பி, அமெரிக்காவில் ஏராளமான வாடிக்கையாளர்களின் புகாருக்கு ஆளாகி, உத்தரவாதக் காலத்தை நீட்டித்துத் தர வேண்டி வந்தது. இருவரும் ஜப்பானியர்தாம், இரண்டு கியர்ப் பெட்டிகளின் ஆயுளும் ஒன்றன்று.

இங்கே நம் நாட்டின் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 1983-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதியன்று, ஜப்பானின் சுஸுகியோடு கூட்டாகச் செய்த முதல் மாருதி 800 வெளிவந்தபோது, அம்பாஸடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் பழகியிருந்த ஜனங்களுக்கு, காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்புகிற கார் ஓர் அதிசயமாகவே தோன்றியது. அதே பத்தாண்டில் டி.சி.எம். டொயோட்டா, ஸ்வராஜ் மஸ்டா, ஆல்வின் நிஸான், ஐஷர் மிட்ஸுபிஷி என்று நான்கு ஜப்பானியக் கூட்டுத் தொழில்கள் சிறிய லாரிகளோடு வந்தன. இஞ்சின் நேர்த்தியானது, ஓட்டுவதற்குச் சுகமானது. எனினும் 1986-ஆம் ஆண்டில் வந்த டாட்டா 407, விலை குறைவாகவும், நம் லாரிக்காரர்கள் ஏற்றும் அளவுமீறிய பாரத்தைத் தாங்குவதாகவும், எந்த வழியோரப் பட்டறையிலும் பழுது பார்க்கத் தக்கதாகவும் இருந்தது. ஜப்பானிய நாணயத்தின் மதிப்பு 1985-க்குப் பிறகு ஏறியதால் அவர்களுடைய பாகங்களின் விலையும் ஏறிவிட்டது. நான்கில் டொயோட்டாவின் பெயரும் நிஸானின் பெயரும் அந்தத் துறையிலிருந்து சில ஆண்டுகளில் மறைந்தன. எந்தப் பாரத்துக்கும் சாலைக்கும் வகுக்கப்பட்டதோ அதற்குள்தான் ஒரு வண்டியின் நம்பகம்.

இனி, இந்தக் கீர்த்தியின் மேல் படிந்த கறைகளுக்கு வருவோம். மிட்ஸுபிஷி மோட்டார்ஸ், வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த புகார்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்தது என்ற செய்தி 2000-ஆம் ஆண்டில் அம்பலமாயிற்று. 2002 ஜனவரியில் யோக்கோஹாமா நகரில், அந்தக் கம்பெனி செய்த லாரி ஒன்றின் சக்கரம் கழன்று உருண்டோடி, நடைபாதையில் குழந்தைகளோடு சென்றுகொண்டிருந்த ஒரு தாயின் உயிரைக் குடித்தது. லாரிக்காரர்கள் சரியாகப் பராமரிக்கவில்லை என்று பழியை அவர்கள்மேல் போட்டுவந்த கம்பெனி, சக்கரத்தைத் தாங்கும் பாகத்தின் அமைப்பிலேயே குறை இருந்ததென்று ஒப்புக்கொண்டது 2004-ஆம் ஆண்டில். இதற்கு எதிராக வேறொன்றைப் பார்க்க வேண்டும். டொயோட்டாவின் லெக்ஸஸ் கார் 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்து சில மாதங்களுக்குள், பிரேக் விளக்கு முதலானவற்றில் சிறு குறைகள் தெரிந்தவுடன், விற்ற எண்ணாயிரம் கார்களையும் கம்பெனியார் தாங்களாகவே திரும்ப அழைத்து, சொந்தக்காரர்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டியை எடுத்துச் சென்று, சரிசெய்து, கழுவி, பெட்ரோலும் நிரப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

ஆனால் டொயோட்டாவும் பிற்காலத்தில் சறுக்கியது. கால் மிதிக்கும் பெடல் சிக்கிக்கொண்டு வண்டி கட்டுமீறி ஓடுகிறது என்ற புகார்கள் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் எழுந்தபோது, கம்பெனியின் தலைவரும் ஸ்தாபகரின் பேரருமான அகியோ டொயோடா அமெரிக்கக் காங்கிரஸின் விசாரணைக் குழுவின் முன் மன்னிப்புக் கேட்டு, வளர்ச்சியின் வேகம் ஆட்களைப் பழக்கும் வேகத்தை மிஞ்சிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். உண்மையை மறைத்ததற்காக 2014-ஆம் ஆண்டில் 120 கோடி டாலர் அபராதமும் கட்ட நேர்ந்தது. 2024-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் விற்ற டண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவற்றை அதே கம்பெனி திரும்ப அழைத்தது. இஞ்சினைக் கடையும்போது உண்டான உலோகத் துகள் உள்ளேயே தங்கி, பேரிங்கைக் கெடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்திவிடக்கூடும் என்பதே காரணம். ஓனோ தம் உதாரணத்தில் ஐந்தாவது கேள்வியில் கண்டுபிடித்த துகள், ஏறக்குறைய அதே உருவத்தில், அவருடைய கம்பெனியின் இஞ்சினுக்குள்ளேயே திரும்பி வந்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தை வருத்துவது டைஹாட்ஸுவின் கதை. 1907-ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் ஸ்தாபனம். சிறிய கார் செய்வதில் வல்லவர்கள். இப்போது முழுவதும் டொயோட்டாவுக்குச் சொந்தம். பாதுகாப்புப் பரீட்சைகளில் பொய்க் கணக்குக் காட்டி வந்தது வெளிப்பட்டு, 2023 டிசம்பரில் வண்டி அனுப்புவதையே நிறுத்தியது. 64 மாதிரிகளில் முறைகேடு. மிகப் பழையது 1989-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விசாரணைக் குழு கண்ட முக்கியமான காரணம், தவறவே கூடாதென்று விதிக்கப்பட்ட மிக நெருக்கமான கால அட்டவணை. பரீட்சை தேறாவிட்டால் அட்டவணை தவறும். அட்டவணை தவறக் கூடாதாகையால் பரீட்சை தேறியதாக எழுதிவிட்டார்கள். வரிசை நிற்கக் கூடாது என்ற ஃப்ரீமான்டின் பழைய சட்டமே இது. தலைக்கு மேலே கயிறு இருந்தும், இழுக்கத் தைரியம் இல்லை.

ஆகவே, ஜப்பான் வண்டிகள் தங்கள் கீர்த்திக்குத் தகுதியானவையா என்று கேட்டால், டொயோட்டாவும் லெக்ஸஸும் பெரும்பாலும் தகுதியானவை என்று தயங்காமல் சொல்வேன். வண்டியின் சொந்தக்காரர்களையே கேட்டுத் தொகுக்கும் அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அவை ஆண்டுக்கு ஆண்டு முன்வரிசையில் நிற்பது தற்செயல் அல்ல. ஹோண்டா, சுஸுகி, மஸ்டா, சுபாரு ஆகியவற்றில் மாதிரிக்கு மாதிரி பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஜப்பான் என்ற பெயர் மட்டும் எந்த வண்டிக்கும் ஜாமீன் ஆகாது. கொரியாக்காரர்களும் மற்றவர்களும் இதே முறைகளைக் கற்றுக்கொண்டு நெருங்கி வந்துவிட்ட இக்காலத்தில், தேசத்தைப் பார்த்து வாங்குவது முன்னளவுக்குப் பலன் தராது. இஞ்சின் எது, கியர்ப் பெட்டி எது, அது சந்தைக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டு வாங்குவதே விவேகம். புதிதாக வந்த மாதிரியை முதல் வருஷத்திலேயே வாங்காமலிருப்பது இன்னும் விவேகம்.

இலங்கையில் ரீகண்டிஷன் வண்டி, அதாவது ஜப்பானில் ஓடிய பழைய வண்டி, வாங்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், கண்டிப்பான அரசாங்கப் பரிசோதனை உண்டு. அதற்கு ஆகும் செலவைக் கருதிப் பலர் நல்ல நிலையிலிருக்கும் வண்டியையே விற்றுவிடுகிறார்கள். செப்பனிட்ட சாலையில் ஓடி, காலம் தவறாமல் ஆயில் மாற்றப்பட்ட அந்த வண்டி, இலங்கைக்கு வந்து வருஷக்கணக்கில் உழைப்பதில் அங்கே முதலில் வைத்திருந்தவருடைய சிரத்தைக்கும் பங்கு உண்டு. கிலோமீட்டர்க் கணக்கைத் திருத்தியிருக்கிறார்களா என்று, அங்கே ஏலத்தில் விற்றபோது வண்டியின் நிலையைக் குறித்த தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பிறகு அதே சிரத்தையை வாங்கியவரும் தொடர வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனி உலகமெங்கும் பல கார்களுக்குச் செய்துகொடுத்த காற்றுப்பைகளில், பையை ஊதச் செய்யும் வெடிமருந்து அம்மோனியம் நைட்ரேட். சூடும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் அது நாளடைவில் கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, தன்னை மூடியிருக்கும் உலோகக் குப்பியைச் சிதறடித்து, காப்பாற்ற வேண்டியவரையே கொன்றுவிடக்கூடும். மலேசியாவிலும் இவ்வாறு உயிர்கள் போயிருக்கின்றன. பரீட்சை விவரங்களைத் திரித்துக் காட்டிய குற்றத்தை 2017-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்ட அந்தக் கம்பெனி, அதே ஆண்டில் திவாலாகிவிட்டது. அது செய்த பைகள் இன்னும் பல பழைய வண்டிகளின் ஸ்டியரிங்குக்குள் இருக்கின்றன. நம் கடற்கரை ஊர்களின் காற்றும் அதே சூடும் ஈரமும் உள்ளது. ஆகையால், ஏறக்குறைய 2000-ஆம் ஆண்டுக்கும் 2015-ஆம் ஆண்டுக்கும் இடையே செய்யப்பட்ட காரை வைத்திருப்பவர்கள், அது எந்தத் தேசத்து வண்டியாயினும் சரி, சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, காரைச் செய்த கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குப் போய், காற்றுப்பை திரும்ப அழைக்கப்பட்ட வரிசையில் இருக்கிறதா என்று இந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். இருந்தால், கட்டணம் வாங்காமல் மாற்றித் தருவார்கள்.